எட்டு இலக்கங்களுக்குள் மறைந்திருக்கும் சுமை

வரி என்றதும் எமது மக்களின் நினைவுக்கு வருவன பெறுமதி சேர் வரியும் எரிபொருள் மீதான வரியுமே ஆகும். வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும் நாளில் எந்தப் பொருளின் விலை ஏறும், எதன் விலை இறங்கும் என்று நாடே கணக்குப் பார்க்கின்றது. ஆனால், துறைமுகத்துக்கு வந்து சேரும் ஒரு பொருளுக்குச் சுங்கத்தில் எந்தக் குறியீடு இடப்படுகின்றது என்பது தலைப்புச் செய்தியாவதில்லை. பாராளுமன்றத்தில் அது விவாதப் பொருளாவதும் அரிது. உண்மையில் வரி வீதத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் எவ்வளவு முக்கியமானதோ, பொருளுக்குப் பெயர் சூட்டும் அதிகாரமும் அவ்வளவு முக்கியமானதாகும். பெயர் மாறினால் வீதமும் மாறிவிடுகின்றது. வீடு கட்டுகின்ற ஒவ்வொருவரும் வாங்கும் இரும்பு, பித்தளைக் குழாய் இணைப்புகளை உதாரணமாகக் கொண்டு இவ்விடயத்தை நோக்குவது பொருத்தமானதென நாம் கருதுகின்றோம்.

இதனை மன்னாரை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பாடல் பெற்ற தலமான திருக்கேதீஸ்வரம் அமைந்துள்ள மாதோட்டம், அநுராதபுர இராசதானிக் காலத்தில் இலங்கையின் தலைசிறந்த துறைமுகமாக விளங்கியது. சோழர் ஆட்சியில் அதற்கு இராசராசபுரம் என்ற பெயரும் வழங்கியது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் மாந்தையில் நடைபெற்ற அகழ்வாய்வில் சீன மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் அருகருகே கிடைத்தன. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த மரக்கலங்கள் சந்தித்த இத்துறையில் தமிழ் வணிகரும் அரபு வணிகரும் ஒரே கரையில் பண்டம் இறக்கினர். கப்பல் வந்த இடத்தில் சுங்கமும் இருந்தே தீரும். தென்னிலங்கையின் கொடவாயக் கல்வெட்டு, அத்துறைமுகத்தின் சுங்க வருமானத்தைக் கஜபாகு மன்னன் விகாரைக்கு வழங்கியதைக் கூறுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்தில் புலிச் சின்னம் பொறித்துச் சுங்கம் கொண்ட செய்தியைப் பட்டினப்பாலை சொல்கின்றது. முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று மக்கள் நினைவிற் கொண்டதிலிருந்தே, இந்த வரி அவர்களை எவ்வளவு அழுத்தியிருக்கும் என்பது புலனாகின்றது.

அன்று பொதியின் மீது முத்திரை பொறித்தார்கள். இன்று இலக்கம் பொறிக்கின்றார்கள். 1988 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த இசைவுபடுத்தப்பட்ட முறைமை எனப்படும் சர்வதேசப் பட்டியலை உலகின் 200இற்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பிரதேசங்களும் பின்பற்றுகின்றன. பிரசல்ஸில் தலைமையகத்தைக் கொண்ட உலக சுங்க அமைப்பு இதனைப் பராமரிக்கின்றது. 5,000இற்கும் அதிகமான பண்டத் தொகுதிகளுக்கு ஆறிலக்கக் குறியீடுகளை அது வழங்குகின்றது. அதன்மேல் இரு இலக்கங்களைச் சேர்த்து எட்டு இலக்கங்களாக இலங்கை பயன்படுத்துகின்றது. தற்போதைய பதிப்பு 2022ஆம் ஆண்டுக்குரியது. அடுத்த பதிப்பு 2028 ஜனவரியில் நடைமுறைக்கு வரவுள்ளது.

குழாய் இணைப்புகள் இப்பட்டியலில் ஓரிடத்தில் இல்லை. இரும்பினால் அல்லது உருக்கினால் ஆன எல்போ, சொக்கட், நிப்பிள், யூனியன் போன்றவை 7307 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. அவற்றுள்ளும் வார்ப்பிரும்பு ஒரு பிரிவு, துருப்பிடிக்காத உருக்கு இன்னொரு பிரிவு, ஏனைய இரும்பு, உருக்கு வேறொரு பிரிவு. புரி போட்டுப் பொருத்துவதற்கு ஒன்று, ஒட்டு வேலைக்கு ஒன்று, பிளாஞ்சுகளுக்கு ஒன்று என உட்பிரிவுகள் மேலும் கிளைக்கின்றன. அதே எல்போ பித்தளையால் ஆனதென்றால் 7412. அலுமினியம் என்றால் 7609. பிளாஸ்டிக் என்றால் 3917. இணைப்புடன் நீரைத் திறந்து மூடும் வால்வு சேர்ந்திருந்தால் அது 8481 என்ற இயந்திர சாதன அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றது. இறப்பர்க் குழாயை இறுக்கும் கிளிப்போ நீர் செல்லும் பாதையின் அங்கமல்ல என்பதால் 7326இல் இடம்பெறுகின்றது. மன்னார்க் கடைத்தெருவின் இரும்புக் கடையொன்றில் ஒரே தட்டில் கிடக்கும் பொருட்கள் சுங்கப் பட்டியலில் நான்கைந்து அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கின்றன.

இச்சிதறலுக்கு ஒரு தர்க்கம் உண்டு. பட்டியலுடன் இணைந்த பொது விளக்க விதிகள், தலைப்பின் சொற்களையும் சட்டக் குறிப்புகளையும் முதலில் பார்க்கும்படி கூறுகின்றன. அடிப்படை உலோகங்களுக்கான பதினைந்தாம் பகுதியின் குறிப்பு, 7307இற்குரிய இணைப்புகளைப் 'பொதுப் பயன்பாட்டு உதிரிகள்' என வரையறுக்கின்றது. எனவே, ஓர் உருக்கு எல்போ நீர்ப்பம்பிக்கென்றே செய்யப்பட்டிருந்தாலும் அது பம்பியின் உதிரிப்பாகமாகக் கொள்ளப்படாது. குழாய் இணைப்பாகவே கொள்ளப்படும். இரண்டு உலோகங்கள் கலந்திருந்தால் எடையில் மேலோங்கும் உலோகமே பொருளின் இனத்தைத் தீர்மானிக்கும். பிளாஸ்டிக் உடலில் பித்தளைப் புரி பதித்த இணைப்பொன்று வந்தால் அதன் 'முக்கியப் பண்பு' எது என்று ஆராய வேண்டும். அந்தக் கேள்விக்கு இரண்டு அதிகாரிகள் இரண்டு விடைகளை நேர்மையாகவே கூற முடியும்.

வளர்ந்த நாடுகளிலும் இந்நிலைமை வேறல்ல. தக்காளி பழமா மரக்கறியா என்ற கேள்வி 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தாவரவியலின்படி அது பழம். மரக்கறிக்கே அங்கு இறக்குமதித் தீர்வை இருந்தது. மக்கள் சாப்பாட்டு மேசையில் அதனை மரக்கறியாகவே கொள்கின்றனர் என்று கூறிய நீதிமன்றம், தீர்வை செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2003இல் அந்நாட்டின் சர்வதேச வர்த்தக நீதிமன்றம், சித்திரக்கதை வீரர்களின் உருவங்கள் மனித உருவங்களா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. மனித உருவம் என்றால் பொம்மை. அதற்குத் தீர்வை அதிகம். இல்லையென்றால் விளையாட்டுப் பொருள், தீர்வை குறைவு. இவை வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் ஒவ்வொரு வழக்கின் பின்னாலும் பெருந்தொகைப் பணம் இருந்தது.

எமது நாட்டில் அந்தப் பணம் எவ்வாறு பெருகுகின்றது என்பதைப் பார்ப்போம். இறக்குமதியாகும் பொருளொன்றின் மீது சுங்கத் தீர்வை மட்டும் விழுவதில்லை. 1979ஆம் ஆண்டின் ஏற்றுமதி அபிவிருத்திச் சட்டத்தின் கீழான செஸ் வரி, துறைமுக மற்றும் விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, 2022 ஒக்டோபர் முதல் அறவிடப்படும் 2.5 வீதச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை, 2024 ஜனவரி முதல் 18 வீதமாக்கப்பட்ட பெறுமதி சேர் வரி ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. உதாரணத்துக்காக ஒரு இலட்சம் ரூபா இறக்குமதிப் பெறுமதியுள்ள இணைப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒரு குறியீட்டின் கீழ் தீர்வை இல்லை என்றும், இன்னொன்றின் கீழ் 20 வீதம் என்றும் வைத்துக்கொள்வோம். பெறுமதி சேர் வரி கணிக்கப்படும்போது இறக்குமதிப் பெறுமதியுடன் 10 வீதம் கூட்டப்பட்டு அதன்மேல் தீர்வையும் சேர்க்கப்படுகின்றது. ஏனைய அறவீடுகளை விட்டுவிட்டால், முதலாவது நிலையில் மொத்த வரி 19,800 ரூபா. இரண்டாவது நிலையில் 43,400 ரூபா. தீர்வையில் 20,000 ரூபாவாகத் தோன்றிய வேறுபாடு 23,600 ரூபாவாகி விடுகின்றது. கொழும்பு மொத்த வியாபாரியின் இலாபமும் மன்னாருக்கான லொறிக் கூலியும் சில்லறைக் கடைக்காரரின் இலாபமும் இதற்குப் பின்னரே சேருகின்றன.

இறுதியில் இந்தச் சுமை யார் தலையில் இறங்குகின்றது? மன்னாரின் கடைக்காரர் நேரடியாக இறக்குமதி செய்பவரல்லர். குறியீடு என்ன, எந்த விதி பின்பற்றப்பட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. பற்றுச்சீட்டில் இறுதி விலை மட்டுமே தெரியும். வாடிக்கையாளருக்கு அதுவும் தெரியாது. கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வாழும் மாந்தை, நானாட்டான் விவசாயி தெளிப்பு நீர்ப்பாசனத் தொகுதி ஒன்றை முழுமையாக வாங்கினால் அது விவசாய உபகரணமாக 8424இல் வகைப்படும். ஆனால், கடந்த போகத்தில் உடைந்துபோன உருக்கு எல்போவை மட்டும் வாங்கினால் அது வெறும் குழாய் இணைப்பு. விவசாய உபகரணம் என்ற பெயரில் அரசாங்கம் வழங்கும் எந்தச் சலுகையும் அந்தச் சிறு துண்டைச் சென்றடைவதற்கு உத்தரவாதம் இல்லை. புதிதாக வாங்கக்கூடியவருக்குக் கிடைக்கும் ஆறுதல், பழையதைத் திருத்திப் பாவிக்கும் ஏழை விவசாயிக்குக் கிடைக்காமற் போகும் விந்தையை இந்த முறைமை தன்னுள் கொண்டிருக்கின்றது.

இந்த மாவட்டத்தின் வரலாற்றைச் சிந்திப்போருக்கு இதன் பாரம் மேலும் விளங்கும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் மீண்டு வந்து எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் வீடுகளை மீளக் கட்டினர். யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் மாந்தையிலிருந்து இடம்பெயர்ந்த தமிழர்களும் திரும்பி வந்து கட்டினர். வீடு, கிணறு, பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பாடசாலை என எதைக் கட்டினாலும் குழாய் வேண்டும். குழாய்க்கு இணைப்பு வேண்டும். அழிவிலிருந்து எழும் ஒரு சமூகம், எழுவதற்காக வாங்கும் ஒவ்வொரு துண்டுக்கும் வரி செலுத்துகின்றது. அந்த வரி முறையானதாக இருந்தால் அதனைக் குறைகூற முடியாது. குழப்பத்தாலோ விருப்பு வெறுப்பாலோ கூடியதாக இருந்தால் அது அநீதியாகும். இவ்விடயத்தில் தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடு இல்லை; இரு சமூகங்களும் ஒரே விலைச் சீட்டையே வாசிக்கின்றன.

குறியீடு தவறானால் என்ன நேரும் என்பது அடுத்த கேள்வி. 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டமே இன்றும் எமது சுங்கத்தின் அடித்தளமாக உள்ளது. குறைவாக அறவிடப்பட்ட தீர்வையைப் பின்னர் அறவிட்டுக்கொள்ள அதன் 18ஆம் பிரிவு இடமளிக்கின்றது. பிரகடனத்துடன் பொருந்தாத பொருளைப் பறிமுதல் செய்ய 47ஆம் பிரிவு இடமளிக்கின்றது. இவ்விரண்டுக்குமிடையிலான தூரம் சாதாரணமானதல்ல. முதலாவது, கணக்குத் திருத்தம், இரண்டாவது, தண்டனை. பொருளை உண்மையாக விவரித்து, அதற்குரிய இலக்கத்தை மட்டும் தவறாகக் குறித்த ஒருவரை எந்தப் பிரிவின் கீழ் நடத்துவது?

2009ஆம் ஆண்டில் டொயோட்டா லங்கா நிறுவனத்தின் வழக்கில் எமது உயர் நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. பொருளின் விவரம் சரியாக இருந்து வகைப்படுத்தலில் மட்டும் பிணக்கு எழும்போது பறிமுதல் பிரிவைப் பிரயோகிக்க முடியாது. குறைந்த தீர்வையை அறவிடுவதே உரிய வழி என்பது அத்தீர்ப்பின் சாரமாகும். சட்டத்தில் கருத்து வேறுபாடு கொள்வது கள்ளக்கடத்தல் ஆகாது என்ற நியாயமான கோட்பாட்டை இத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஆனால் தீர்ப்பின் பயனை அனுபவிக்க நீதிமன்றம் செல்லும் வசதி வேண்டும். பெரிய நிறுவனம் சட்டத்தரணிகளை அமர்த்தும். ஒரு கொள்கலனை மூன்று பேராகப் பங்கு போட்டு இறக்கும் சிறு வர்த்தகரோ துறைமுகத்தில் நாளுக்கு நாள் ஏறும் தாமதக் கட்டணத்தைப் பார்த்து, கேட்ட தொகையைக் கட்டிவிட்டுப் பொருளை மீட்கவே முற்படுவார். உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தும் கைக்கு எட்டாததாகிவிடுகின்றது. தண்டத்திலும் பறிமுதலிலும் கிடைக்கும் தொகையில் ஒரு பகுதி அதிகாரிகளுக்கு வெகுமதியாகப் பகிரப்படும் நடைமுறை இதனோடு சேரும்போது, கணக்குத் திருத்தமாக முடிய வேண்டிய விடயம் குற்றச்சாட்டாக வளர்வதற்குத் தூண்டுதல் ஏற்படுகின்றது. நேர்மையான அதிகாரியின் பெயருக்கும் இதனால் களங்கமே மிஞ்சும்.

மறுபக்கத்தையும் நாம் மறைக்கப் போவதில்லை. தவறான குறியீடு எப்போதும் அப்பாவித்தனமான பிழையல்ல. தீர்வை குறைந்த தலைப்பைத் தேடிப்பிடித்துப் பண்டத்தை அதற்குள் திணிப்பது வரி ஏய்ப்பின் பழைய வழிகளுள் ஒன்றாகும். 2000 மார்ச் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் அனுபவம் இதற்குச் சான்று. பொருளின் நான்கிலக்கத் தலைப்பு மாற வேண்டும், உள்நாட்டில் 35 வீதப் பெறுமதி சேர வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். செப்புக் கழிவு 7404. அதை உருக்கி வார்த்தால் 7403. தலைப்பு மாறிவிடுகின்றது. வெளிநாட்டிலிருந்து கழிவுச் செப்பைக் கொண்டுவந்து சிறிதளவு பதப்படுத்தி இந்தியாவுக்கு அனுப்பும் தொழில் அந்த ஆண்டுகளில் திடீரெனப் பெருகி, இரு நாடுகளுக்குமிடையே சர்ச்சையாகியது. இலக்கத்தின் மேல் எழுந்த ஏற்றுமதி நிலைத்து நிற்கவில்லை.

2020 ஒக்டோபர் 13ஆம் திகதி சீனிக்கான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக ஒரே இரவில் குறைக்கப்பட்டதை நாடு மறந்துவிடவில்லை. அதன் பயன் நுகர்வோரைச் சென்றடையாமல் கையிருப்பு வைத்திருந்தோரையே சென்றடைந்தது என்ற விமர்சனம் இன்றுவரை ஓயவில்லை. 2025 ஜனவரியில் 323 கொள்கலன்கள் நேரடிச் சோதனையின்றி விடுவிக்கப்பட்டமையும் பாரிய சர்ச்சையைக் கிளப்பியது. ஒருபுறம் சிறு வர்த்தகரின் எல்போப் பெட்டி பிரித்துப் பார்க்கப்படுகின்றது. மறுபுறம் கொள்கலன்கள் அணிவகுத்து வெளியேறுகின்றன என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றுமாயின், வரி செலுத்துவது கடமை என்ற உணர்வே பட்டுப்போகும். 2022இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என அறிவித்த ஒரு நாட்டுக்குச் சுங்க வருமானம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை நாம் அறிவோம். ஆதலாற்றான், அது நம்பிக்கையின் மீது எழுப்பப்பட வேண்டும் என வலியுறுத்துகின்றோம்.

எனவே, செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, முன்கூட்டிய தீர்மானம். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 2017 பெப்ரவரி 22ஆம் திகதி அது உலகளவில் நடைமுறைக்கு வந்தது. பொருளை இறக்குவதற்கு முன்னரே அதன் வகைப்படுத்தலைக் கேட்டறிந்து, சுங்கத்தைக் கட்டுப்படுத்தும் எழுத்துமூலத் தீர்மானத்தைப் பெறுவதற்கு அதன் மூன்றாம் உறுப்புரை வழிசெய்கின்றது. அத்தீர்மானங்கள், வர்த்தக இரகசியங்கள் நீக்கப்பட்டு, எவரும் பார்க்கக்கூடியவாறு வெளியிடப்பட வேண்டும். பிளாஸ்டிக் உடலில் பித்தளைப் புரி பதித்த இணைப்புக்கு இன்று ஒருவருக்குக் கூறப்பட்ட விடையே நாளை மற்றவருக்கும் கூறப்பட வேண்டும்.

இரண்டாவது, மொழி. தமிழ் 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாக்கப்பட்டது. ஆனால் சுங்கப் பட்டியலும் பிரகடனமும் நடைமுறையில் ஆங்கிலத்திலேயே கையாளப்படுகின்றன. குறைந்தபட்சம் கட்டடப் பொருட்கள், மீன்பிடி உபகரணங்கள், விவசாய உபகரணங்கள் ஆகியவற்றுக்கேனும் தலைப்புகளையும் விளக்கக் குறிப்புகளையும் தமிழிலும் சிங்களத்திலும் தரும் கைந்நூலொன்று வெளியிடப்படுதல் வேண்டும். கடைக்காரர் வழங்கும் பெயருக்கும் பட்டியலின் பெயருக்கும் பாலம் அமைத்தால் பாதிப் பிணக்குகள் எழமாட்டா.

மூன்றாவது, பிழையையும் மோசடியையும் பிரித்து வைத்தல். 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கோட்பாடு சட்டத்தின் வாசகமாகவே எழுதப்பட வேண்டும். விவரத்தை மறைத்தவருக்குக் கடும் தண்டனையும், விவரத்தை ஒளிக்காது இலக்கத்தில் தவறியவருக்குக் குறைநிரப்பு அறவீடும் என்ற கோடு தெளிவாக வரையப்படுதல் அவசியம். வெகுமதி முறையும் அதற்கேற்ப மாற்றப்பட வேண்டும். நான்காவது, வீதங்களின் இடைவெளியைக் குறைத்தல். ஒரே தட்டிலுள்ள இரும்பு எல்போவுக்கும் பித்தளை எல்போவுக்கும் வால்வுக்கும் ஒரே வீதம் இருக்குமாயின், குறியீட்டை மாற்றுவதால் எவருக்கும் இலாபம் இல்லை. பேரம் பேசுவதற்கும் எதுவும் இல்லை. உள்ளூர் உற்பத்தியாளருக்குப் பாதுகாப்புத் தேவை என்ற வாதம் ஆராயப்பட வேண்டியதே. ஆனால் அப்பாதுகாப்பு எவருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பது பகிரங்கமாகக் கூறப்பட வேண்டுமேயன்றி, எட்டு இலக்கங்களுக்குள் ஒளித்து வைக்கப்படலாகாது.

மன்னாருக்கு இன்னொரு காரணத்தாலும் இது முக்கியமாகும். 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே கப்பல் ஓடியது; 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த சேவையும் எண்பதுகளின் யுத்தச் சூழலில் நின்றுபோனது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கியதன் பின்னர், தலைமன்னார்ச் சேவை பற்றிய எதிர்பார்ப்பும் வலுப்பெற்றுள்ளது. அது கைகூடுமாயின் இங்கும் சுங்கக் கதவு மீண்டும் திறக்கும். அக்கதவில் இருக்கப்போகும் அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருக்குமா, வகைப்படுத்தல் ஐயத்தை அங்கேயே தீர்க்கும் அதிகாரம் இருக்குமா, அல்லது ஒவ்வொரு எல்போவுக்கும் கொழும்புக்கு ஓட வேண்டியிருக்குமா என்பன கப்பல் வந்த பின்னர் கேட்க வேண்டிய கேள்விகளல்ல. மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகளும் வர்த்தக சங்கங்களும், தமிழர் முஸ்லிம் என்ற பேதமின்றி, இப்போதே கேட்க வேண்டிய கேள்விகளாகும்.

மாதோட்டத்தின் கடலோரத்தில் எத்தனையோ ஆட்சிகள் சுங்கம் கொண்டன. வாங்கிய வரிக்குக் கணக்கும், வாங்கப்பட்டவருக்கு நியாயமும் இருந்தபோதே துறைகள் செழித்தன. வரி கேட்பது அரசின் உரிமை. எதற்காக, எந்த விதியின் கீழ், எவ்வளவு என்பதைத் தம் மொழியில் அறிந்துகொள்வது மக்களின் உரிமை. இவ்விரண்டும் சமமாக மதிக்கப்படும் ஒரு சுங்கச் சட்டத்தைக் கொண்டுவர அரசாங்கம் முன்வர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.